நேராக நின்ற படகு

"டேய் ஒன்னி, ஒரு படகு கோணலா நின்னா உனக்கு என்ன தோணும்?" என்று கேட்டார் நீலோ குர்கெலா.

"எவனோ ஒரு பக்கமா உக்காந்து கருவாடு தின்னுறான்னு தோணும் சார்."

"நேரா நின்னா?"

"ஒண்ணும் தோணாது."

"அதான் உன்கிட்ட குறை. எனக்கு நேரா நிக்கிறதைப் பாத்தாத்தான் சந்தேகம் வருது."

சொல்லிவிட்டு, தீவின் படகுத்துறை ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போருக்கு முன்னால் தாம்பெரே நகரத்தில், சொந்தக் கடைக்குத் தானே நெருப்பு வைத்து இன்சூரன்ஸ் கேட்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது கடற்படைக்குத் துப்பறிகிறார். ஹமே மாவட்டத்துக்காரர். அந்த ஊர் ஆட்கள் நேற்று சொன்ன ஜோக்குக்கு நாளைக்குச் சிரிப்பார்கள். அவருக்கு உதவியாளான நான் சவோ மாவட்டத்துக்காரன். எங்களுக்கு வாய்தான் முதலில் பிறக்கும், மற்றதெல்லாம் பின்னால் வரும். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் பூட்டியவன் யாரோ தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும்.

அவர் எட்டிப் பார்த்தது 'கியுக்கு' என்ற டார்பிடோ படகை. கியுக்கு என்றால் எங்கள் மொழியில் கோபம். இந்தக் கோடையில்தான் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தது. மர உடம்பு, பின்பக்கம் இரண்டு ராட்சச எஞ்சின், இடுப்பில் பக்கத்துக்கொரு டார்பிடோ. வந்த புதிதில் மணிக்கு நாற்பது கடல் மைல் வேகத்தில் பறந்தது. இப்போது முப்பதைத் தொடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அடித்துவிட்டு ஓடுவதுதான் டார்பிடோ படகின் பிழைப்பே. ஓட முடியாவிட்டால் அது மிதக்கிற விறகு.

"நாசவேலை!" என்றார் கேப்டன் ரூனார். எங்கள் தலைக்கு மேலே நின்றிருந்தார். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட கழுத்து. "அந்த இத்தாலிக்காரன்தான் செஞ்சிருக்கான். அவன் நாடு இந்த மாசம் எதிரியோட கை குலுக்கிடுச்சு. அவன் மட்டும் நம்ம எஞ்சினைத் தடவிக் கொடுத்துட்டு இருப்பானா?"

"எஞ்சின்ல குறை இருக்கா?" என்றார் நீலோ, படுத்தபடியே.

"அதுதான் சார் அவன் சாமர்த்தியம். எஞ்சின் பேஷா ஓடுது. படகுதான் ஓடல. சாயங்காலத் தபால் படகுல போலீஸ்காரர் வர்றார், அவனைக் கூட்டிட்டுப் போய் உள்ளே தள்ள. அதுவரைக்கும் உங்களுக்கு நேரம்."

நீலோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கேப்டன், படகோட அடிப்பக்கம் சிவப்பு, மேல்பக்கம் சாம்பல். சிவப்பு ஒரு சாண் வெளியே தெரியணும். ஒரு விரல்கூடத் தெரியலையே?"

"இத்தாலி மரம் ஊறிப்போயிருக்கும். குடிகார மரம்."

"நாலு பக்கமும் ஒரே அளவா குடிச்சிருக்கே!"

"எதிரி வச்ச பாரமா இருந்தா?" என்றேன் நான்.

"எதிரி அவசரத்துல வைப்பான்டா, ஒரு பக்கம் சாயும். இது யாரோ படகு மேல உயிரையே வச்சிருக்கிறவன் செஞ்ச நாசவேலை."

"உள்ளே தேடியாச்சு," என்றார் கேப்டன். "என் ஆளுங்கள்ல வில்யோ முன்பக்கம் தேடினான், தவுனோ நடுவுல, அர்மாஸ் பீரங்கி மேடை, நான் என் அறை. எஞ்சின் அறைக்கு மட்டும் அந்த இத்தாலிக்காரன் ஜெலிந்தோவே பதில் சொன்னான். எங்கேயும் ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. இந்தப் படகுல தேவைக்கு மேல ஒரு கரண்டி ஏறக்கூடாதுன்னு நான் உத்தரவு போட்டிருக்கேன்."

நீலோ தலையாட்டிக்கொண்டே நடந்தார். அதிகாரிகளின் சாப்பாட்டு அறை வாசலில், ஜார் காலத்துப் பீரங்கிக் குண்டுகளை அழகுக்காக இரண்டு குவியலாக அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இடது குவியல் கூராக இருந்தது. வலது குவியலுக்கு உச்சி இல்லை, மொட்டை.

"முடி வெட்டினவன் பாதியிலே போயிட்டான் போல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாளைக்குச் சிரிப்பார்.

ஜெலிந்தோவை வலை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். படகு கட்டிய பட்டறையிலிருந்து, படகோடு கூடவே வந்த மெக்கானிக் அவன். குள்ளம், கருத்த சுருட்டை முடி, ஓயாத வாய். எங்கள் மொழியை இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டு, நாங்கள் இருபது வருடத்துக்கு வைத்திருந்த சொற்களையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க சார், வாங்க! குட் மார்னிங்! ராத்திரி தூங்கினீங்களா? நான் தூங்கல. வலை நாறுது. எங்க ஊர்லயும் வலை நாறும், ஆனா அது சந்தோஷமா நாறும். காலைல கஞ்சி கொடுத்தாங்க, கரண்டியில ஒட்டிக்கிட்டு வருது, அதை வச்சு படகு ஓட்டையை அடைக்கலாம். என்னைத் துரோகிங்கறாங்க! மாதாவே! அந்த எஞ்சினை நான் தொட்டில்ல போட்டு வளத்தேன் சார்!"

"வேற ஏதாவது கவனிச்சியா?"

"கவனிச்சேனாவா? கத்தினேன்! படகு திரும்பும்போது வயித்துக்குள்ள ஏதோ உருளுது. கடகடகடகட, டொக்! அந்தப் பக்கம் திரும்பினா மறுபடி கடகடகடகட, டொக்! கேப்டன்கிட்டச் சொன்னேன். அவர் மூஞ்சி சிவந்து போச்சு, 'வாயை மூடு'ன்னுட்டார்."

"சரி. எஞ்சின் அறைக்குள்ள தேவையில்லாத சாமான் ஏதாவது?"

"இல்ல."

அவ்வளவுதான். ஒரே சொல். நாங்கள் வெளியே வந்ததும் நான் சொன்னேன், "பாவம் சார், சோர்ந்துட்டான். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு விடுவான், அவனே நிறுத்திட்டான்னா பாருங்க."

"பாத்தேன்," என்றார் நீலோ.

அடுத்து அவர் போன இடம் எனக்கே பிடிபடவில்லை. தீவின் சவுனாவுக்கு, அதாவது ஆவிக் குளியல் அறைக்குப் போனார். அன்று சனிக்கிழமை, தீவே குளிக்கிற நாள். லெம்பி அம்மாள் பிர்ச் மர விறகைத் திணித்துக்கொண்டு, அடுப்பைத் திட்டிக்கொண்டு இருந்தாள். தீவில் கேப்டனுக்கு எல்லாரும் சல்யூட் அடிப்பார்கள். லெம்பிக்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

"துப்பறியறவரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று இடுப்பில் கை வைத்தாள். "படகு ஓடலையாம், அதுக்கு ஆளை வரவழைக்கிறாங்க. என் சவுனா செத்துக்கிட்டு இருக்கு, கேக்க நாதியில்ல! அடுப்பு மேல மலை மாதிரி கல்லு அடுக்கி வச்சிருந்தேன். வாராவாரம் குறையுது. இப்பப் பாருங்க, கல்லறைக்குப் போட்ட பூ மாதிரி நாலே நாலு கெடக்கு. தண்ணி ஊத்தினா 'ஸ்ஸ்'ங்கணும். இது கொட்டாவி விடுது!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "சவுனாக் கல்லையா திருடறானுங்க? சார், படகை விடுங்க சார். இவன்தான் சார் அயோக்கியன்! மனுஷன் செய்யற வேலையா இது?"

"ஏன்மா, தீவுல வேற கல்லே இல்லையா?"

"எங்க இருக்கு? தீவே ஒரே பாறை. பேத்தாத்தான் உண்டு. இந்தக் கல்லு எல்லாம் அக்கரையிலேர்ந்து சுமந்து வந்தது."

"கடைசியா ஒண்ணு. ஆம்பளைங்க குளிச்சிட்டுப் போகும்போது கையில என்ன எடுத்துட்டுப் போவாங்க?"

"துண்டு மூட்டை, வாளி, உடம்புல அடிச்சுக்கிற பிர்ச் இலைக்கட்டு. அதையா நான் அவுத்துப் பாக்கிறது? அப்படிப்பட்டவளா நான்?"

நீலோவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. ஹமேக்காரர் முகத்தில் வெளிச்சம் வருவது எங்கள் ஊர் வசந்தம் மாதிரி, தாமதமாக வரும், ஆனால் வந்துவிட்டால் ஐஸ் தாங்காது.

"ஒன்னி, நாலு பேர் ஒரு படகைத் தேடி ஒண்ணுமே கிடைக்கலைங்கறாங்க. எந்தப் படகுலயாவது பலகைக்கு அடியில ஒண்ணுமே இல்லாம இருக்குமா? ஒத்தக் காலுறை இருக்கும், நாலு சீட்டு இருக்கும், போன கிறிஸ்துமஸ் ரொட்டி இருக்கும்."

"அப்போ?"

"நாலு பேரும் பொய் சொல்றாங்க. போய்ப் பட்டறையில சொல்லு, வலப்பக்க டார்பிடோவைச் சோதனைக்குன்னு கழட்டித் தூக்கட்டும். வழக்கமா செய்யறதுதானே?"

"வாராவாரம் செய்யறதுதான் சார். ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது."

"அதேதான்," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது போல் தலையை ஆட்டினேன்.

கிரேன் வலப்பக்க டார்பிடோவைத் தூக்கியது. கியுக்கு மெதுவாக இடது பக்கம் சாய்ந்து நின்றது. மற்றப் படகுகளெல்லாம் வரிசையாக நேராக நிற்க, இது மட்டும் குடித்துவிட்டுச் சர்ச்சுக்கு வந்தவன் மாதிரி நின்றது. சவுனாப் புகை எழும்பியது, தீவே அந்தப் பக்கம் போனது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து எண்ணெய்ப் படகில் கித்தான் துணிக்கு அடியில் படுத்துக்கொண்டோம்.

"சனிக்கிழமைச் சவுனாவை விட்டுட்டு எவன் சார் இங்க வருவான்?" என்று முணுமுணுத்தேன்.

"வர்றவன்தான் குற்றவாளி. வாயை மூடு."

முதலில் வந்தான் வில்யோ, டார்பிடோக்காரன். ஆறடி உயரம், இடுப்பில் துண்டு மட்டும், உடம்பிலிருந்து ஆவி பறக்கிறது. கையில் இன்னொரு துண்டு மூட்டை. இப்படியும் பார்த்தான், அப்படியும் பார்த்தான், படகின் சாய்வைப் பார்த்து வலி வந்தவன் போல் முகத்தைச் சுளித்தான். வலப்பக்கமாக உள்ளே இறங்கினான். உள்ளே 'லொடக்' என்றது.

அவன் வெளியே வருவதற்குள் வந்தான் தவுனோ. வாளி. வாளிக்கு மேலே இலைக்கட்டு. அவனும் சாய்வைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், நடு வாசல் வழியாக இறங்கினான். 'லொடக், லொடக்.' பின்னாலேயே அர்மாஸ், பீரங்கிக்காரன், முதுகில் பை. நடக்கும்போது கால் பின்னுகிறது. அவனும் உள்ளே போனான்.

"மூணு பேர் சார்!" என்று காதில் கிசுகிசுத்தேன். "ஒரு கூட்டமே சதி பண்ணுது!"

"சதின்னா பேசி வச்சுச் செய்யணும்டா. இன்னும் ஒருத்தர் பாக்கி. பேசாம இரு."

அப்போது வந்தார் கேப்டன் ரூனார். செப்டம்பர் வெயிலில் கழுத்து வரை ஓவர்கோட் பொத்தான். கோட்டுக்குள்ளே நிறைமாத வயிறு. அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அன்னநடை போட்டு வந்தார். சாப்பாட்டு அறை வாசலில் மொட்டையாக நின்ற குண்டுக் குவியல் எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கக் கித்தானைக் கடித்தேன்.

அவரும் வலப்பக்கமாகவே இறங்கினார். கடகடகடகட, டொக்.

நாலு பேர் பாரமும் ஒரே பக்கம் ஏறியதில், கியுக்கு மெல்ல நிமிர்ந்தது. நேராக வந்தது. நிற்கவில்லை. தாண்டி, இப்போது வலது பக்கம் சாய்ந்தது.

ஐயோ, அதைப் பார்க்க முடியவில்லை. சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் வருமே ஒரு அரிப்பு, அது என் உள்ளங்கையில் ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்தான். இடது பக்கம் சின்னதாக ஏதாவது வைத்தால் போதும்.

என் கால்சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

"ஒன்னி, எங்க போற?"

"எங்கேயும் இல்லையே சார்."

"கையில என்ன?"

பார்த்தேன். எண்ணெய்ப் படகின் இரும்பு எடைக்கல். எப்போது எடுத்தேன், எப்படிக் கித்தானுக்கு வெளியே வந்தேன், கடவுள் சத்தியமாக எனக்குத் தெரியாது.

"பாத்தியா?" என்றார் நீலோ. "கேஸ் முடிஞ்சுது."

அவர் போய்க் கியுக்குவின் மேல்தளத்தைக் காலால் தட்டினார். "வெளிய வாங்கப்பா! சவுனா ஆறுது!"

நாலு வாசலில் நாலு தலை எழும்பியது. நாலு தலையும் முதலில் நீலோவைப் பார்த்தது. அப்புறம் ஒன்றையொன்று பார்த்தது. இரண்டு மாதமாக ஒரே படகில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவர்கள், அன்றுதான் முதல் தடவையாகச் சந்தித்தது போல் விழித்தார்கள்.

"சாஞ்சு நின்னுது," என்றான் வில்யோ. அதுதான் அவனுடைய முழு வாக்குமூலம்.

"ஆமா. சாஞ்சு நின்னுது," என்றான் தவுனோ.

"நான் சொல்றேன் மிச்சத்தை," என்றார் நீலோ. "ஒரு வாரம் இடது டார்பிடோ பட்டறைக்குப் போகும். படகு வலது பக்கம் சாயும். ஒருத்தர் யாருக்கும் தெரியாம இடது பக்கம் கல்லு வைப்பார். டார்பிடோ திரும்பி வரும், இப்ப இடது பக்கம் சாயும். இன்னொருத்தர் வலது பக்கம் கல்லு வைப்பார். அடுத்த வாரம் மறுபடி. டார்பிடோ போகும், வரும். கல்லு மட்டும் வரும், போகாது."

"திரும்பி வந்ததும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன்," என்றான் அர்மாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "பாத்தா, நேரா நிக்குது. நேரா நிக்கிறதைப் போய் எவன் தொடுவான்?"

"அட மகராசன்களா! ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

துண்டோடு நின்ற மூன்று பேரும், நீலோ ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல் கடலைப் பார்த்தார்கள்.

"இதுக்கெல்லாமா பேசுவாங்க?" என்றான் தவுனோ கடைசியில்.

கேப்டனின் கழுத்திலிருந்து கஞ்சி இறங்கிவிட்டது. "கரண்டிகூடக் கூடாதுன்னு உத்தரவு போட்டவன் நான். மத்தப் படகுக்காரங்க பாத்துச் சிரிச்சாங்க, மனசு கேக்கல." தொண்டையைச் செருமினார். "அந்தக் கடகடா என் குண்டுதான்னு எனக்குத் தெரியும். நாலஞ்சு குண்டு இவ்வளவு வேகத்தைக் குறைக்காது, மிச்சம் அந்த இத்தாலிக்காரன் வேலையாத்தான் இருக்கணும்னு நம்பிட்டேன். போய் அவனைத் திறந்து விடு, ஒன்னி."

சாமான் இறக்கினார்கள். கல், கல், மேலும் கல். இரண்டு நங்கூரம், ஒரு பட்டறைக் கல், கேப்டனின் ஐந்து குண்டு. லெம்பி அம்மாள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். ராணுவக் கோர்ட் கொடுக்கிற தண்டனையெல்லாம் அவள் வாயில் பட்டதற்குக் கால் தூசி. "உன்னை மனுஷன்னு நினைச்சு முதுகு தேய்க்க பிரஷ் கொடுத்தேனேடா!" என்று வில்யோவைக் கேட்டாள். அந்த ஆறடி ஆள் ஒரு அடி குறைந்தான்.

டார்பிடோவைத் திரும்ப மாட்டினார்கள். சிவப்பு நிறம் ஜம்மென்று மேலே எழுந்தது. இடதும் சரி, வலதும் சரி. ஆனால் நீலோ மறுபடியும் குப்புறப் படுத்தார்.

"பின்பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருக்கே?"

பின்பக்கம் எஞ்சின் அறை. எல்லாரும் ஜெலிந்தோவைப் பார்த்தோம். கொட்டகையிலிருந்து வந்ததிலிருந்து நாலு பேரையும் கட்டிப்பிடித்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், டக்கென்று நிறுத்தினான். உள்ளே இறங்கினான். தன் சிவப்பு கம்பளிச் சட்டையில் சுற்றிய மூட்டையோடு ஏறி வந்தான். மூட்டைக்குள் சவுனாக் கல். ஒன்றில் பிர்ச் இலைகூட ஒட்டியிருந்தது.

"நீயுமாடா?" என்றார் கேப்டன்.

"படகு சாயுதுன்னு முதல் நாள் சொன்னேன், யாரும் காதுல வாங்கல. அப்புறம் ஒருநாள் வில்யோவைப் பாத்தேன். மூட்டையோட உள்ளே போனான். வரும்போது மூட்டை இல்ல, முகத்துல அப்படி ஒரு நிம்மதி. ஓ, இங்க இதுதான் முறை போலன்னு நானும் கொண்டுவந்து வச்சேன்."

"வில்யோ வச்சது உனக்குத் தெரியுமா? உன்னை ஜெயிலுக்கு அனுப்பறோம்னு சொன்னப்போ ஏன் அதைச் சொல்லல?"

ஜெலிந்தோ தோளைக் குலுக்கினான். "அது எப்படிச் சார்? கூட வேலை செய்யறவனை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?"

உலகத்தில் எல்லாவற்றையும் பேசுகிறவன், தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒன்றை மட்டும் பேசாமல் வைத்திருந்தான். வில்யோ மெதுவாக வந்து, ஜெலிந்தோ கையிலிருந்த கல்லில் பாதியை வாங்கிக்கொண்டான். அவன் பங்குக்கு அது பெரிய சொற்பொழிவு.

"எஞ்சினை எடு," என்றார் கேப்டன் கரகரத்த குரலில். "பாத்துடலாம்."

பார்த்தோம். கியுக்கு தண்ணீரைத் தொடவே இல்லை. நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே தபால் படகு வந்தது. திரும்புகிற திருப்பத்தில் ஒரு சுவர் அளவு தண்ணீர் எழுந்து அதன் மேல் விழுந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல.

நாங்கள் கரைக்கு வந்து, ஆளுக்கு இரண்டு கல்லாகச் சவுனாவுக்குச் சுமந்துகொண்டிருந்தபோது, தபால் படகிலிருந்து போலீஸ்காரர் இறங்கினார். மீசை சொட்டியது. பூட்ஸ் சளக் சளக் என்றது.

"எங்கய்யா அந்த வெளிநாட்டுக்காரன்? படகு ஓட விடாம பண்ணினவன்?"

கேப்டன் நிமிர்ந்து நின்றார். "புகாரை நான் வாபஸ் வாங்கிட்டேன். இங்க வெளிநாட்டுக்காரன் யாரும் இல்ல."

போலீஸ்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கையில் கல்லோடு, வாயைத் திறக்காமல், அவருடைய கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம். கருத்த சுருட்டை முடிக்காரனும் அப்படியே நின்றான். உள்ளே சொற்கள் முட்டுவதில் அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

"அதானே," என்றார் போலீஸ்காரர். "எல்லாம் நம்ம ஆளுங்கதான்." சளக் சளக் என்று திரும்பிப் போனார்.

தபால் படகில் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். கனத்த மனிதர். படகு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது.

நாங்கள் ஏழு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெலிந்தோதான் முதலில் கல்லோடு தபால் படகை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.